கழுநீர்போல் வெளுத்துக் கலங்கிய நீச்சல் குளத்தை இறைக்காமல் தெளிய வைப்பது எப்படி?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக் கொள்கிறேன். முட்டுக்காட்டில் உங்கள் அண்ணனின் வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. மழைக்காலம் முடிந்து திறந்தபோது பின்கட்டில் இருந்த நீச்சல் குளம் கரும்பச்சையாக இருந்தது. மூன்று வாரமாக மாலைதோறும் இரண்டு கிலோ ப்ளீச்சிங் பவுடரைக் காவலாளி தூவி வருகிறார். இடையில் ஒருநாள் ஐந்து கிலோ படிகாரமும் போட்டிருக்கிறார். பச்சை நான்கே நாளில் மறைந்துவிட்டது. ஆனால் தண்ணீர் கழுநீர்போல் வெளுத்து, மூன்றாவது படிக்குக் கீழே எதுவும் தெரியாத நிலையில் அப்படியே நிற்கிறது. பராமரிப்புக்கு வந்தவர் முழுவதையும் இறைத்துவிட்டு நான்கு லாரித் தண்ணீர் அடிக்கச் சொல்கிறார். இந்த ஜனவரியிலேயே அதைச் செய்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இறைக்க வேண்டாம். இந்த மாதத்தில், அந்த இடத்தில், கண்டிப்பாக வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கழிமுகத்தை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை குளத்தின் தொட்டி தன் எடையால் அடங்கிக் கிடக்கும். காலியாக்கிய கணத்திலிருந்து அது ஈரமண்ணில் பதிந்த வெற்றுப் படகைப் போன்றது. கீழிருந்து தள்ளும் நீரழுத்தம் தரையை விரியச் செய்யலாம், ஓடுகளைப் பெயர்க்கலாம், சிறிய தொட்டியாக இருந்தால் முழுவதையுமே மேலே தூக்கிவிடலாம். அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு அடித்தளத்தில் இருக்கிறதா, இருந்தாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வேலை செய்கிறதா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மேலும், லாரியில் வரும் தண்ணீரும் பெரும்பாலும் வேறொரு ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர்தான் என்பதால், நான்கு லாரிக்குப் பணம் கொடுத்த பிறகும் இதே சிக்கலை அடுத்த மாதம் மறுபடி சந்திக்க நேரும்.

உங்கள் குளத்தைக் கலக்கிக்கொண்டிருப்பது பாசி அல்ல. பாசி செத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கண்ணுக்குத் தெரியும் வெள்ளையில் ஒரு பங்கு அந்தச் செத்த பாசி. பெரும்பங்கு, நீங்கள் மருந்து என்று நம்பித் தினமும் கொட்டும் பொருளிலிருந்தே வருகிறது. ப்ளீச்சிங் பவுடரில் பயனுள்ள குளோரின் புதிதாக இருக்கும்போதே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் கணிசமான அளவு சுண்ணாம்பு. கடற்கரை ஈரக்காற்றில் திறந்த மூட்டையாக வைத்திருந்தால் குளோரின் மெல்ல வெளியேறிவிட, சுண்ணாம்பு மட்டும் குறையாமல் இருக்கும். அந்தச் சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச் அளவை, அதாவது நீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண்ணை, உயர்த்தும். பிஎச் உயர்ந்தால் கடின நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் கால்சியமும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து மாவுபோல் மிதக்கும். இதைக் கண்டு காவலாளி இன்னும் இரண்டு கிலோ போடுகிறார். ஆகவே இன்று மாலையிலிருந்து அதை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

இது என் ஊகம் என்று விட்டுவிடாமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முழங்கை ஆழத்திலிருந்து இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் சமையலறை வினிகரைச் சில தேக்கரண்டி விட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் தெளிந்தால் கலங்கலில் பெரும்பங்கு சுண்ணாம்பு என்று பொருள். சற்றே தெளிந்து மங்கலாக நின்றால் சுண்ணாம்போடு செத்த பாசியும் மண்ணும் கலந்திருக்கின்றன. சிறிதும் மாறாவிட்டால் சுண்ணாம்பின் மேல் பழி போட முடியாது. மற்றொரு தம்ளரை அசையாத இடத்தில் ஒருநாள் மூடி வையுங்கள். அடியில் படிவு தங்கி மேலே தெளிந்தால், குளத்திலும் பம்பை நிறுத்திப் படிய வைத்து உறிஞ்சி எடுக்கலாம். ஒருநாள் கழித்தும் கலங்கலாகவே இருந்தால் துகள்கள் தாமாகப் படியாத அளவுக்கு நுண்ணியவை, அவற்றைச் சேர்த்துக் கட்ட ஏதாவது வேண்டும்.

அடுத்து, குளத்தின் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தையும் அளக்க முடியாது. நீங்கள் எழுதியபடி நீளம் 26 அடி, அகலம் 13 அடி, ஆழம் ஒருபுறம் மூன்றரை, மறுபுறம் ஐந்தரை. சராசரி நாலரை அடி. மூன்றையும் பெருக்கினால் 1,521 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 43,000 லிட்டர். இந்த எண்ணைப் பம்பு அறையின் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். இந்தக் குளத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உயர வேண்டுமென்றால் 43 கிராம் தேவை. இனிச் சொல்லும் கணக்குகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

சோதனைப் பெட்டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெட்டியில் குளோரினுக்கு மஞ்சள் நிறம் காட்டும் திரவம் இருக்கும். அது மொத்தக் குளோரினைத்தான் காட்டுகிறது. அழுக்கோடு ஏற்கெனவே சேர்ந்து செயலிழந்த குளோரினையும், இன்னும் வேலை செய்யக்கூடிய கட்டற்ற குளோரினையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி (DPD) முறைப் பெட்டியை வாங்குங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றிய உடனே வெளுத்துவிடும், பார்ப்பவர் குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் கொட்டுவார். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீருக்கு நான்கு பங்கு வாலை வடிநீர் சேர்த்துச் சோதித்து, வரும் அளவை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிஎச், மொத்தக் காரத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை, வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம் ஆகியவற்றையும் ஒருமுறை தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இனி வேலை. மருந்துக்கு முன்னால் குப்பை. கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் குளத்துக்கு எதிரி சவுக்கு இலைதான்; ஊசிபோல் இருப்பதால், நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையின் ஓட்டை வழியாகவே நுழைந்து, பம்பின் முன்கூடையில் பாய்போல் பின்னிக்கொள்ளும். அடியில் எட்டு மாத இலைச்சேறு அழுகிக் கிடக்கும்போது மேலே எவ்வளவு குளோரின் போட்டாலும் அது அந்தச் சேற்றைத் தின்பதிலேயே தீர்ந்துபோகும். அடி தெரியாததால் நீண்ட கைப்பிடி கொண்ட ஆழமான வலையால் மெதுவாக, ஒரே திசையில் அரித்து எடுக்க வேண்டும். விறுவிறுவென்று கலக்கினால் நாள் முழுவதும் வீணாகும். இந்த நிலையில் யாரும் குளத்துக்குள் இறங்கக் கூடாது. அடி தெரியாத நீரில் ஒருவர் முழுகினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. நீருக்குள் இருக்கும் விளக்குகளின் மின் இணைப்பையும் முதல் நாளே துண்டித்துவிடுங்கள்.

அடுத்தது ஃபில்டர். இந்தப் பதிலில் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான், ஏனென்றால் பலரும் குளோரின்தான் தண்ணீரைத் தெளிய வைக்கிறது என்று நினைக்கிறார்கள். குளோரின் கொல்லும், கொன்றதை எடுத்து வெளியே போடுவது ஃபில்டரின் வேலை. மணல் ஃபில்டர் நல்ல நிலையில் இருந்தாலே ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களைத்தான் பிடிக்கும். ஒற்றைப் பாசிச் செல் அதைவிடச் சிறியதாக இருக்கலாம் என்பதால், செத்த பாசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துகொண்டே இருக்கும். பல சுற்றுகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கும். நல்ல நிலையில் இல்லாத ஃபில்டர் எதையுமே பிடிக்காது.

உங்கள் ஃபில்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பம்பு ஓடும்போது, தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாயருகே ஒரு வெள்ளைக் கோப்பையில் நீர் பிடியுங்கள்; குளத்தின் நடுவிலிருந்து இன்னொரு கோப்பை எடுத்து அருகருகே வையுங்கள். திரும்பி வரும் நீர் சற்றாவது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஃபில்டரைத் திறந்து பார்க்காமல் வேறெந்தச் செலவும் செய்யாதீர்கள். எட்டு மாதம் ஓடாமல் கிடந்த மணல், எண்ணெய்ப் பிசுக்காலும் சுண்ணாம்பாலும் கட்டி கட்டியாக இறுகியிருக்கும். தண்ணீர் அந்தக் கட்டிகளுக்கு இடையே வழி ஏற்படுத்திக்கொண்டு, வடியாமலே போய் வரும். மணல் நன்றாக இருந்தும் பயனில்லை என்றால், பல வழி வால்வுக்குள் இருக்கும் சக்கர வடிவ ரப்பர் தேய்ந்து, அழுக்கு நீர் குறுக்கு வழியில் குளத்துக்குத் திரும்பலாம். குளத்தில் நீர் விழும் இடத்துக்குக் கீழே மணல் குவிந்திருந்தால், ஃபில்டரின் அடியிலுள்ள வரிக்குழாய் உடைந்திருக்கிறது.

மணல் மாற்ற நேர்ந்தால், சலித்துக் கழுவிய ஃபில்டர் மணல் என்றே கேட்டு வாங்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், கட்டட வேலையில் மிஞ்சிய எம்சாண்டைச் செலவில்லாமல் கிடைத்தது என்று ஃபில்டருக்குள் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்த கல்தூசி ஆறு வாரம் குளத்தைச் சாம்பல் நிறத்தில் வைத்திருந்தது, அதற்குள் மூன்று விதமான மருந்துகள் வாங்கித் தீர்த்திருந்தார்கள்.

ஃபில்டர் சரி என்று தெரிந்த பிறகு, அழுத்தமானியில் சுத்தமான நிலையின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட எட்டு முதல் பத்து பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ கூடினால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். வால்வின் கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் பம்பை நிறுத்த வேண்டும் என்பதைக் காவலாளிக்குப் பலமுறை சொல்லுங்கள். ஓடும்போது திருப்பியதால்தான் பெரும்பாலான ரப்பர்கள் கிழிகின்றன. வால்வில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் தெளியும்வரை, இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ் செய்தால் போதும். பிறகு அரை நிமிடம் ரின்ஸ் நிலையில் ஓட்டிவிட்டு ஃபில்டர் நிலைக்கு மாற்றுங்கள். ஆர்வக்கோளாறில் தினமும் பேக்வாஷ் செய்வதும் தவறுதான், ஏனென்றால் மணலின் இடுக்குகளில் கொஞ்சம் அழுக்குப் பிடித்த பிறகே அது நுண்ணிய துகள்களைத் தடுக்கத் தொடங்குகிறது.

பம்பை எவ்வளவு நேரம் ஓட்டுவது? உங்கள் பம்பு மணிக்கு 10,000 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், நாலேகால் மணி நேரத்தில் 43,000 லிட்டரும் ஒருமுறை வடிந்துவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். அப்படி நடப்பதில்லை, வடிந்த நீர் வடியாத நீரோடு உடனே கலந்துவிடுவதால், ஒரு சுற்று முடியும்போது குளத்தின் நீரில் 63 சதவீதம்தான் ஃபில்டரைக் கண்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்று சுற்றில் 95, நான்கு சுற்றில் 98 சதவீதம். தெளிய வைக்கும் நாட்களில் இரவும் பகலும் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தண்ணீர் தெளியவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. மின்கட்டணம் கூடும், நான்கு லாரித் தண்ணீரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பிஎச். கட்டற்ற குளோரினில் உண்மையாகக் கொல்லும் பகுதி ஹைப்போகுளோரஸ் அமிலம். அதன் பங்கு பிஎச் அளவைப் பொறுத்தது. சயனூரிக் அமிலம் இல்லாத நீரில் பிஎச் 7.2 ஆக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, 7.5 ஆனால் ஏறத்தாழப் பாதி, 8 ஆனால் கால்பங்கு, 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுண்ணாம்பு ஏறிய உங்கள் குளத்தில் பிஎச் 8.5-ஐத் தொட்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். இதைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வழி. ஆனால் இங்கே வரிசை முக்கியம். மிதக்கும் சுண்ணாம்பை அமிலம் ஊற்றிக் கரைத்தால் தண்ணீர் ஒரே நாளில் தெளியும். கரைந்த கால்சியம் எங்கும் போகாமல் அங்கேயே இருக்கும், அடுத்த முறை பிஎச் ஏறும்போது மறுபடி வெண்மையாகவோ, ஓட்டின் விளிம்பில் செதிலாகவோ வெளிப்படும். எனவே வெளியேற்ற முடிந்ததை முதலில் வெளியேற்றிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் அமிலத்தைப் பயன்படுத்துவது நல்லது.

வெளியேற்றுவதற்குப் படிகாரம் நல்ல பொருள்தான். கிராமத்தில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்வாயில் தேய்த்துச் செந்நீரைத் தெளிய வைத்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல: ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும் நுண்துகள்களைச் சேர்த்துக் கட்டி, கனமாக்கி, கீழே இறக்குவது. உங்கள் வீட்டில் அது பலிக்காததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, படிகாரம் பிஎச் 6.5-க்கும் 7.5-க்கும் இடையே நன்றாக வேலை செய்யும். 8-க்கு மேல் அலுமினியத்தின் ஒரு பகுதி கட்டியாகாமல் கரைசலிலேயே நின்றுவிடும். இரண்டாவது, பம்பை ஃபில்டர் நிலையில் ஓடவிட்டபடி போட்டிருக்கிறார்கள்; உருவாகும் பஞ்சுபோன்ற திரள்களை ஓட்டம் உடைத்து நொறுக்கியிருக்கும், மிச்சம் மணலில் போய் அடைத்திருக்கும்.

எனவே படிகாரம் வேலை செய்யத் தேவையான அளவுக்கு மட்டும் முதலில் சிறிது அமிலம் விட்டு பிஎச் அளவை 7.5 அருகே கொண்டுவாருங்கள். காரத்தன்மையை லிட்டருக்கு 10 மில்லிகிராம் குறைக்க, 31 சதவீத அமிலம் இந்தக் குளத்துக்கு ஏறத்தாழ 850 மில்லிலிட்டர் தேவைப்படும். ஒரு தவணைக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றாமல், பம்பு ஓடும்போது ஆழமான பக்கத்தில் மெல்லிய தாரையாக விட்டு, நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்து அடுத்ததை ஊற்றுங்கள். வாளியில் கரைத்து ஊற்றுவதானால் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது.

பிறகு படிகாரத்தின் அளவைக் கண்டுபிடியுங்கள். சாதாரண நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்யும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். பத்து கிராம் படிகாரத்தூளை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். அதில் ஒரு மில்லிலிட்டரில் பத்து மில்லிகிராம் படிகாரம் இருக்கும். மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களில் குளத்து நீரை நிரப்பி, மருந்துக்கடைச் சிரிஞ்சால் ஒன்றில் 2, மற்றொன்றில் 4, மூன்றாவதில் 6 மில்லிலிட்டர் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு ஐந்து நிமிடம் மிக மெதுவாகவும் அசைத்து, அரை மணி நேரம் வையுங்கள். எந்தப் பாட்டிலில் பஞ்சுத் திரள்கள் நன்றாக இறங்கி மேல்நீர் தெளிகிறதோ, அவற்றில் மிகக் குறைந்த அளவுதான் உங்களுக்கு வேண்டியது. 4 மில்லிலிட்டர் போதுமென்றால் லிட்டருக்கு 40 மில்லிகிராம், அதாவது குளம் முழுவதற்கும் 1.7 கிலோ. காவலாளி போட்ட ஐந்து கிலோ அதைப்போல் மூன்று மடங்கு.

தண்ணீர் மட்டத்தை வழக்கத்தைவிட நான்கைந்து விரற்கடை கூடுதலாக ஏற்றிவிட்டு, மாலையில் படிகாரக் கரைசலைக் குளம் முழுவதும் பரவலாக ஊற்றுங்கள். வால்வை ஃபில்டரைத் தவிர்க்கும் சுழற்சி நிலையில் வைத்து அரை மணி நேரம் பம்பை ஓட்டி நிறுத்திவிடுங்கள். இரவு முழுவதும், குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. காலையில் அடியில் சாம்பல் வெண்மையாக ஒரு படலம் கிடக்கும், மேலே அடித்தரை மங்கலாகவேனும் தெரியும். அந்தப் படலத்தை வேக்யூம் தலையால் உறிஞ்சும்போது வால்வு கண்டிப்பாக, நீரை நேரே வெளியேற்றும் வேஸ்ட் நிலையில் இருக்க வேண்டும். ஃபில்டர் வழியாக விட்டால் இரவு முழுவதும் படிந்தது பத்து நிமிடத்தில் குளத்துக்குத் திரும்பிவிடும். வேக்யூம் தலையை, புதுச் சிமென்டுத் தரையில் நடப்பதுபோல் அவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும். சில ஆயிரம் லிட்டர் நீர் வீணாகும், அதற்காகத்தான் முன்பே மட்டத்தை ஏற்றச் சொன்னேன். வெளியேறும் நீரைச் செடிகளுக்கோ கழிமுகத்துக்கோ விடாமல், குளோரின் தணியும்வரை ஒரு பள்ளத்தில் தேக்கி வையுங்கள்.

இதற்குப் பிறகு குளோரின். இனி ப்ளீச்சிங் பவுடரைத் தொடவே வேண்டாம்; சுண்ணாம்பும் சேராத, சயனூரிக் அமிலமும் சேராத திரவச் சோடியம் ஹைப்போகுளோரைட்டை வாங்குங்கள். வெயிலில் வேகமாக வலுவிழக்கும் பொருள் என்பதால், பழைய கேனை மலிவு விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பத்து சதவீத வலுவுள்ள திரவம் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 100 கிராம் குளோரின் இருக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏற்ற 4.3 லிட்டர் வேண்டும். எப்போதும் சூரியன் மறைந்த பிறகே ஊற்றுங்கள். சயனூரிக் அமிலம் இல்லாத நீரில், நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குளோரினை அழித்துவிடும். காலையில் போட்டதெல்லாம் வானத்துக்குக் கொடுத்த காணிக்கைதான்.

ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துச் சோதிக்கும்போது குளோரின் பெரும்பகுதி மறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கவனிப்பாரற்றுக் கிடந்த குளத்தில் பாக்டீரியாக்கள் பழைய சயனூரிக் அமிலத்தை அம்மோனியாவாக மாற்றியிருக்கலாம். அது தீரும்வரை குளோரினை விழுங்கிக்கொண்டே இருக்கும். அன்றே சிறு தவணைகளாகத் திரும்பத் திரும்ப ஊற்றி, அளவு நிற்கும்வரை தொடர வேண்டும். கண்ணைக் கரிக்கும் குளோரின் நெடி அடித்தால் குளோரின் மிகுந்துவிட்டது என்று பொருளல்ல. அழுக்கோடு சேர்ந்து குளோரமைனாக மாறியிருக்கிறது, அதை உடைக்க இன்னும் போதவில்லை என்று பொருள்.

பாசி ஒழிந்ததா என்பதை நிறத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். இரவு பத்து மணிக்குக் கட்டற்ற குளோரினை அளந்து, விடிவதற்கு முன் மறுபடி அளங்கள். வெயில் இல்லாத அந்த நேரத்தில் இழப்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருந்து, அழுக்கோடு சேர்ந்த குளோரின் அரை மில்லிகிராமுக்குள் இருந்தால், உயிருள்ளது எதுவும் மிச்சமில்லை. அதன் பிறகும் லேசான மங்கல் இருந்தால் அது ஃபில்டரின் பொறுப்பு. மேலும் மருந்து போடாமல் ஒரு வாரம்வரை பம்பை ஓடவிடுங்கள். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் பொறுமை இழந்து இன்னொரு பாட்டிலை வாங்கி ஊற்றுகிறார்கள். குளோரின் போட்டதும் நீர் தெளிவாகவே இருந்து தேநீர் நிறத்துக்கு மாறினால் போர்த் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள்.

தெளிந்த பிறகு லிட்டருக்கு 30 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் சேர்த்தால் வெயில் தாங்கும். உங்கள் குளத்துக்கு 1.3 கிலோ போதும். அது இருக்கும்போது குளோரினின் வேகம் குறையும் என்பதால், மறுபடி பாசி பிடித்தால் சயனூரிக் அளவில் 40 சதவீதம், அதாவது 12 மில்லிகிராம் குளோரினை நிறுத்த வேண்டியிருக்கும். வீட்டார் ஊரில் இல்லாதபோது, குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்த டிசிசிஏ (TCCA) மாத்திரையை மிதவையில் போட்டுவிட்டுப் போவது வசதிதான், ஆனால் அது தரும் ஒவ்வொரு 10 மில்லிகிராம் குளோரினோடும் 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். அது நூறைத் தாண்டினால்தான் நீரை மாற்ற வேண்டிய உண்மையான காரணம் வரும். அப்போதும் மே மாதத்தில், மூன்றில் ஒரு பங்காக மாற்றுங்கள்.

டிசிசிஏ மாத்திரையும் ப்ளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே கரண்டி, ஒரே வாளி கூடாது. மிச்சமிருக்கும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையை இன்றே பம்பு அறையிலிருந்து வெளியேற்றுங்கள். அமிலமும் எந்தக் குளோரின் பொருளும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும் என்பதால், ஒன்றை ஊற்றிக் குறைந்தது அரை மணி நேரம் பம்பு ஓடிய பிறகே மற்றொன்றை ஊற்றுங்கள். இதைக் காவலாளியிடம் நீங்கள் நேரில் சொல்ல வேண்டும், அலைபேசியில் சொன்னால் போதாது.

குழந்தைகள் எப்போது இறங்கலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2024-இல் கேரளத்தில் சில குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளை தின்னும் அமீபா, குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. நம் கோடைக் குளம் அதற்கு வசதியான வீடு. எனவே தெளிவு மட்டும் போதாது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டும். இரவுச் சோதனை தேறியிருக்க வேண்டும். கட்டற்ற குளோரின் இரண்டு முதல் நான்கு மில்லிகிராமுக்கு இறங்கி அங்கே நிலையாக நிற்க வேண்டும். ஆழமான முனையில் இருக்கும் வடிகாலின் மூடி உடையாமல், திருகாணி கழலாமல் இருக்கிறதா என்று மேலிருந்தே தெரிய வேண்டும். அங்கே ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டுக் கரையில் நின்று பாருங்கள். பூவா தலையா என்று உங்களால் சொல்ல முடியாத நாளில் யாரையும் இறங்க விடாதீர்கள்.